அணி பிரிக்க ஸ்கோர்போர்டு போதுமா? ஐவர் அணி ஷூட்டர் ஆட்டங்களில் திறனை அளப்பது பற்றி

#1 | நீலக்கதிர்

நாங்கள் பத்துப் பேர் வழக்கமாகச் சேர்ந்து கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடுகிறோம். சொந்த சர்வர், ஐந்துக்கு ஐந்து, முதலில் 13 சுற்றுகளை எடுக்கும் அணிக்கு வெற்றி. இதுவரை இரண்டு தலைவர்கள் மாறி மாறி ஆள் எடுத்து அணி பிரித்தார்கள். கடைசியாக எடுக்கப்படுகிறவர்கள் எப்போதும் அதே இருவர். அவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் சமீப காலமாக "இன்று வேலை இருக்கிறது" என்று நழுவ ஆரம்பித்திருக்கிறார்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை.

எனவே அணி பிரிக்கும் பொறுப்பை எண்களிடம் விட்டுவிடலாம் என்று பேச்சு. எந்த எண் என்பதில்தான் சண்டை. கில்-டெத் விகிதம் போதும் என்கிறது ஒரு தரப்பு. ஒரு சுற்றுக்குச் சராசரியாக எவ்வளவு சேதம் விளைவிக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. வெற்றி தோல்வியைத் தவிர எதையும் பார்க்கக்கூடாது என்று ஒருவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். ஆட்டங்கள் 13-4, 13-5 என்று ஒருதலையாக முடியும்போதெல்லாம் அணி பிரித்தவர் மேல் பாய்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

#2 | மூலைக்காவல்

எந்த எண் என்று கேட்பதற்கு முன், அந்த எண்ணை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள். அணி பிரிப்பது ஒரு வேலை. யார் நன்றாக ஆடினார் என்று பாராட்டுவது வேறு வேலை. ஒரு துப்பாக்கி அளவுக்கு மீறி வலுவாக இருக்கிறதா என்று பார்ப்பது மூன்றாவது வேலை. மூன்றுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தினால் மூன்றும் கெடும்.

கில் எண்ணிக்கை ஏன் போதாது என்பதற்கு ஒரு சுற்றைச் சொல்கிறேன். மிராஜ் என்ற மேப், அதாவது ஆட்டக்களம். எதிரணி குண்டு வைக்கப் பார்க்கும் இரண்டு இடங்களில் ஒன்றான ஏ தளத்தை ஒருவர் தனியாகக் காக்கிறார். ராம்ப் என்ற சரிவுப் பக்கம் நான்கைந்து பேரின் காலடிச் சத்தம். தரையில் தீ பரப்பும் ஒரு மொலோடோவை வழியின் குறுக்கே எறிகிறார். சில விநாடிகள் தீ எரிகிறது. தீ அணையும் நேரம் பார்த்து, கண்ணைக் கூசவைக்கும் ஒரு ஃபிளாஷ் குண்டு. எட்டிப் பார்த்துச் சுடும் ஆசையை அடக்கிக்கொண்டு பின்வாங்கி, தளத்தின் மறுகோடியில் உயிரோடு நிற்கிறார். அதற்குள் நடுப்பகுதியிலிருந்து இரண்டு பேர் வந்துவிடுகிறார்கள். நுழைந்தவர்களை அந்த இருவரும் சுட்டு வீழ்த்துகிறார்கள். குண்டு வைக்கப்படவே இல்லை.

ஸ்கோர்போர்டில் வந்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு கில். தளத்தைக் காத்தவருக்குப் பூஜ்யம். அந்தச் சுற்றை வென்றவர் யார்? இப்படி ஒரு மாலை முழுக்க ஆடியவரைத்தான் உங்கள் தலைவர்கள் கடைசியாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

#3 | ஏழாம்சுற்று

மூலைக்காவல் சொல்லும் ஆள் இருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அவரைக் காட்டிப் புள்ளிவிவரத்தையே தூக்கி எறிவது நியாயமில்லை. அளவுகோல்கள் வளர்ந்திருக்கின்றன. கவுண்டர்-ஸ்ட்ரைக் போட்டிகளின் புள்ளிவிவரத்தைத் தரும் ஹெச்எல்டிவி இணையதளம் 2010இல் கொண்டுவந்த முதல் மதிப்பீடு கில், உயிர்பிழைத்தல், ஒரே சுற்றில் எடுத்த பல கில்கள் ஆகியவற்றை மட்டும் பார்த்தது. 2017இல் வந்த 2.0 சராசரிச் சேதத்தைச் சேர்த்தது. அதோடு, கில் எடுத்தாரா, கூட்டாளியின் கில்லுக்கு உதவினாரா (அசிஸ்ட்), பிழைத்தாரா, அல்லது அவர் விழுந்தவுடன் கூட்டாளி பழிதீர்த்தாரா, இந்த நான்கில் ஒன்றாவது நடந்த சுற்றுகள் எத்தனை சதவீதம் என்பதையும் சேர்த்தது. 2025இல் வந்த 3.0 எதிராளி கையில் என்ன ஆயுதம் இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்கிறது. கைத்துப்பாக்கி மட்டும் வைத்திருந்தவரை ஏகே-47ஆல் சுட்டதும், முழுக் கவசத்தோடு வந்தவரைச் சுட்டதும் ஒன்றாகிவிடாது அல்லவா.

மிராஜில் தளம் காத்தவர் பிழைத்திருக்கிறார். ஆக அந்தச் சுற்று அவர் கணக்கிலும் ஏறும். நல்ல அளவுகோல் இருந்தால் அவரும் தெரிவார்.

#4 | தராசுமுள்

இரண்டு விஷயங்கள்.

முதலில் 13-4 பற்றிய கவலை. இரு அணிகளும் இம்மி பிசகாமல் சமம், ஒவ்வொரு சுற்றிலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அப்போதும் ஆறு ஆட்டத்துக்கு ஒன்று 13-6 அல்லது அதைவிட மோசமாக முடியும். 13-4 அல்லது அதைவிட மோசமானது இருபதுக்கு ஒன்று வரும். இது சுற்றுகளுக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லை என்று கொண்ட கணக்கு. உண்மையில் தொடர்பு உண்டு. ஆயுதம் வாங்குவதற்கான ஆட்டப் பணம் ஆளுக்கு 800 டாலரில் தொடங்குகிறது. முதல் கைத்துப்பாக்கிச் சுற்றை வென்ற அணிக்கு அடுத்த சுற்றில் நல்ல ஆயுதம், தோற்ற அணிக்குச் சில்லறை. தோற்றவர்களுக்கு 1400இல் தொடங்கி 3400 வரை ஏறும் ஈட்டுத்தொகை இருந்தாலும், வெற்றி அடுத்த வெற்றியை இழுத்து வரத்தான் செய்கிறது. அதனால் நிஜத்தில் ஒருதலை ஆட்டங்கள் இன்னும் அதிகமாகவே வரும். ஒரு மாலை 13-4 ஆனதற்காக அணி பிரித்தவரைத் திட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

மறுபக்கமும் உண்டு. சுற்றுக்கு 55 சதவீத வாய்ப்பு என்ற சின்ன மேலாண்மை, முழு ஆட்டத்தில் ஏறத்தாழ 70 சதவீத வெற்றி வாய்ப்பாகப் பெருகிவிடும். 60 என்றால் ஏறத்தாழ 85. ஆகவே அணிகளுக்கு இடையே மிகச் சிறிய வித்தியாசத்தைக்கூட விட்டுவைக்கக்கூடாது.

இரண்டாவது, எந்த எண் என்பது. அணி பிரிக்க வெற்றி தோல்வியே அடிப்படையாக இருக்க வேண்டும். சதுரங்கத்துக்காக ஆர்பட் எலோ உருவாக்கிய முறையை அமெரிக்கக் கூட்டமைப்பு 1960இலும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970இலும் எடுத்துக்கொண்டன. அதில் 100 புள்ளி வித்தியாசம் என்றால் வலுத்தவருக்கு 64 சதவீத வாய்ப்பு, 200 என்றால் 76. எதிர்பார்ப்பை மீறி வென்றால் புள்ளி நிறைய ஏறும், எதிர்பார்த்தபடி வென்றால் கொஞ்சம்தான். அணி ஆட்டத்துக்கு ஐந்து பேரின் சராசரியை எடுத்து இதே கணக்கைப் போடலாம்.

எலோவில் ஒரு குறை. ஆயிரம் ஆட்டம் ஆடியவருடைய எண்ணும் நேற்று வந்தவருடைய எண்ணும் ஒரே நம்பகத்தோடு நிற்கும். 1995இல் மார்க் கிளிக்மன் அமைத்த கிளிக்கோ முறை, எண்ணோடு கூட அந்த எண்ணின் மீதுள்ள ஐயத்தையும் எழுதி வைத்தது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களின் ட்ரூஸ்கில் 2005இல் எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற இணைய ஆட்டச் சேவையில் வந்தது. அது இதையே அணிகளுக்கு விரித்தது. புதியவருக்குத் திறன் 25, ஐயம் 8.33. காட்டப்படும் மதிப்பு திறனிலிருந்து மூன்று மடங்கு ஐயத்தைக் கழித்தது, அதாவது பூஜ்யம். ஆட ஆட ஐயம் சுருங்கும்.

#5 | ஏழாம்சுற்று

எல்லாம் சரி, வெற்றி தோல்வி ஐந்து பேருக்கும் சேர்த்து வருகிறது. அதில் என் பங்கைப் பிரித்தெடுக்க எத்தனை ஆட்டம் வேண்டும்?

#6 | தராசுமுள்

நிறைய. ட்ரூஸ்கிலுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த அட்டவணைப்படி, ஒருவரை அடையாளம் காண ஒற்றைக்கு ஒற்றை ஆட்டத்தில் குறைந்தது 12 ஆட்டங்கள் போதும். நால்வர் கொண்ட இரண்டு அணிகள் என்றால் 46. எட்டுப் பேர் கொண்ட இரண்டு அணிகள் என்றால் 91. ஐவர் அணி இந்த இரண்டுக்கும் நடுவில்.

அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. அணிகள் கலைந்து கலைந்து அமைய வேண்டும். இருவர் எப்போதும் ஒரே பக்கம் ஆடினால், அவர்களில் யார் சுமக்கிறார், யார் சுமக்கப்படுகிறார் என்று எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது. இருவருடைய எண்ணும் ஒட்டிக்கொண்டே ஏறி இறங்கும். நீலக்கதிர் கவனிக்க: உங்கள் குழுவில் "நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆடுவோம்" என்பவர்கள் இருந்தால், வாரத்தில் சில ஆட்டங்களாவது பிரிந்து ஆடச் சொல்லுங்கள்.

#7 | ஏழாம்சுற்று

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஐம்பது ஆட்டத்துக்கு மேல் காத்திருக்க வேண்டுமென்றால், புதிதாக வருகிறவர் அதுவரை அணியைக் கவிழ்த்துக்கொண்டே இருப்பார். அந்த மைக்ரோசாஃப்டே 2018இல் ட்ரூஸ்கில் 2 கொண்டுவந்து, தனிநபரின் கில், டெத், இடையில் விட்டுப் போகும் பழக்கம், நண்பர்களோடு சேர்ந்து வந்தாரா என்பதையெல்லாம் கணக்கில் சேர்த்தது. ஹேலோ 5 என்ற ஷூட்டரின் ஆட்டங்களில் பழைய முறை 52 சதவீத முடிவுகளைத்தான் சரியாகக் கணித்தது, புதியது 68. 52 என்பது குருட்டாம்போக்கில் சொல்வதற்கு அடுத்த வீடு. வெற்றி தோல்வி மட்டும் போதும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

#8 | புகைத்திரை

நான் பதில் சொல்கிறேன். ஓவர்வாட்ச் என்ற அணி ஷூட்டரில் பல காலம் மற்றவர்களுக்கு மருந்து கொடுக்கும் பாத்திரங்களை மட்டுமே ஆடியவன் நான்.

அங்கே ஒருவர் வென்றால் ஏறும் புள்ளியும் தோற்றால் இறங்கும் புள்ளியும், அதே பாத்திரத்தை ஆடும் மற்றவர்களோடு ஒப்பிட்ட தனிநபர்ப் புள்ளிவிவரத்தைப் பொறுத்துக் கூடிக் குறைந்தன. விளைவு என்ன? தோல்வி உறுதியான பிறகும் சேதக் கணக்கை ஏற்றிக்கொள்வதற்காகத் தடித்த எதிராளியையே சுட்டுக்கொண்டிருப்பார்கள். தேவையே இல்லாத இடத்தில் மருந்தைக் கொட்டுவார்கள். இலக்கில் நின்று உயிரை விட வேண்டிய நேரத்தில், டெத் கூடிவிடும் என்று ஒதுங்குவார்கள். 2018 ஜனவரியில் டைமண்ட் என்ற உயர்நிலை ரேங்கிலும் அதற்கு மேலும் அந்தக் கணக்கை எடுத்துவிட்டார்கள். அதை எடுத்த பிறகுதான் அந்த ரேங்கில் எல்லோரும் ஒரே ஒரு விஷயத்துக்காக ஆட முடிந்தது. வெல்வதற்காக.

பரிசோடு கட்டப்பட்ட அளவுகோல், அளவுகோலாக நிற்காது. பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கை பற்றிச் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

#9 | தராசுமுள்

இருவர் சொல்வதும் உண்மை, இரண்டும் மோதவும் இல்லை. ட்ரூஸ்கில் 2 கில்லைப் பாராட்டுவதற்காக எண்ணவில்லை. அடுத்த ஆட்டத்தில் யார் வெல்வார் என்பதைக் கணிக்க அந்தக் கில் எவ்வளவு உதவுகிறது என்று பழைய ஆட்டங்களிலிருந்து கற்று, அந்த அளவுக்கே எடை கொடுக்கிறது. எடையை மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை.

அதனால் நான் சொல்வது: புள்ளிவிவரத்தை ஐயம் அதிகமாக இருக்கும் காலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதியவர் வந்தால் அவருடைய முதல் சில ஆட்டங்களின் சராசரிச் சேதத்தைப் பார்த்துத் தொடக்க எண்ணை மேலேயோ கீழேயோ வையுங்கள். ஐயம் சுருங்கச் சுருங்க அந்தச் செல்வாக்கும் மங்கி, வெற்றி தோல்வி மட்டும் பேசட்டும். பழைய ஆட்களுக்குச் சேதக் கணக்கால் ஒரு புள்ளிகூட ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

#10 | மூலைக்காவல்

இதை ஏற்கிறேன். கூடுதலாக ஒன்று. கில் என்பதை எண்ணுவதற்குப் பதில், அது சுற்றை எவ்வளவு நகர்த்தியது என்று பார்க்கும் வழி இருக்கிறது. ஐந்துக்கு ஐந்து நிற்கும்போது விழும் முதல் ஆள் சுற்றின் வாய்ப்பையே புரட்டிப்போடுகிறார். நான்கு பேர் ஒருவரைத் துரத்திப் பிடிக்கும் கடைசிக் கில் கிட்டத்தட்ட எதையும் மாற்றுவதில்லை, ஏற்கெனவே வென்ற சுற்று அது. உயிரோடு இருப்பவர்கள் எத்தனை பேர், குண்டு வைக்கப்பட்டதா, மீதி நேரம் எவ்வளவு, யாரிடம் என்ன ஆயுதம் என்பதையெல்லாம் கொண்டு ஒவ்வொரு கணத்துக்கும் வெற்றி வாய்ப்பைக் கணித்து, ஒவ்வொரு செயலுக்கும் முன்னும் பின்னும் அது எவ்வளவு மாறியது என்று பார்க்கிறார்கள். கவுண்டர்-ஸ்ட்ரைக் பற்றி 2020இல் இந்த வழியில் ஓர் ஆய்வுக் கட்டுரையே வந்தது. வலோரண்ட் என்ற இன்னோர் ஐவர் அணி ஷூட்டரின் ஸ்கோர்போர்டில் இதன் எளிய வடிவம் இருக்கிறது. எதிராளிகள் நிறையப் பேர் உயிரோடு இருக்கும்போது எடுக்கும் கில்லுக்கு அங்கே அதிகப் புள்ளி.

இதுவும் மிராஜில் எறிந்த மொலோடோவை முழுதாகப் பிடித்துவிடாது. நடக்காமல் போன நுழைவுக்குக் கணக்கு எழுதுவது கடினம். ஆனால் வெறும் கில்லைவிட எவ்வளவோ மேல். ஆட்டம் முடிந்ததும் பதிவைப் போட்டுப் பார்த்துப் பேசுவதற்கு இதைப் பயன்படுத்துங்கள். அணி பிரிக்க வேண்டாம்.

#11 | வெண்பனி

நான் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறேன். மூலைக்காவல் சொன்ன மூன்றாவது வேலை, ஆயுதங்களின் சமநிலை. "இந்தத் துப்பாக்கி எடுத்தவர்கள் அதிகம் வெல்கிறார்கள், ஆகவே அது வலுவானது" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஏடபிள்யூபி என்ற தொலைதூரத் துப்பாக்கியின் விலை 4750 டாலர். அதை வாங்க முடிந்த அணி ஏற்கெனவே பணக்கார அணி, முந்தைய சுற்றுகளை வென்றிருக்கும் அணி. அது வெல்வது துப்பாக்கியாலா, பணத்தாலா? இரு அணிகளின் மொத்தச் சாதன மதிப்பும் ஏறக்குறைய சமமாக இருக்கும் சுற்றுகளை மட்டும் எடுத்து ஒப்பிடாமல் இதற்குப் பதில் கிடைக்காது.

எடுப்பு விகிதமும் ஏமாற்றும். எஸ்ஜி 553 என்ற துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் முந்தைய பதிப்பான குளோபல் அஃபென்சிவ் காலத்தில் அது ஆண்டுக்கணக்கில் கடையில் சும்மா கிடந்தது. 2018இல் விலையை 3000லிருந்து 2750 ஆக்கினார்கள். சுடும் தன்மையில் மாற்றம் இல்லை. அப்போதும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் உடனே கையில் எடுக்கவில்லை. 2019இல்தான் ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்து, பெரிய போட்டிகளில் ஏகே-47ஐயே ஓரங்கட்டியது. விலையைத் திரும்ப ஏற்றியும் மவுசு குறையவில்லை. 2020 ஏப்ரலில் துல்லியத்தைக் குறைத்த பிறகுதான் அடங்கியது. ஆக, யாரும் எடுக்காத ஆயுதம் வலுவற்றது என்று பொருளில்லை. யாரும் இன்னும் முயன்று பார்க்கவில்லை என்றும் இருக்கலாம்.

ரெயின்போ சிக்ஸ் சீஜ் என்ற ஷூட்டரின் வடிவமைப்பாளர்கள் செய்வது எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு பாத்திரமும் எவ்வளவு எடுக்கப்படுகிறது என்பதை ஓர் அச்சிலும், வெற்றியில் என்ன வேறுபாடு ஏற்படுத்துகிறது என்பதை இன்னோர் அச்சிலும் வைத்து, வரைபடமாக வெளிப்படையாகவே போடுகிறார்கள். நிறைய எடுக்கப்பட்டு நிறைய வெல்வதுதான் உடனடிப் பிரச்சினை. குறைவாக எடுக்கப்பட்டு நிறைய வெல்வது பெரும்பாலும் நிபுணர்கள் கையில் மட்டும் பேசும் பாத்திரம். அதன் வலுவைக் குறைத்தால் அதை நேசிக்கும் அந்தச் சிலரை மட்டுமே தண்டிக்கிறோம்.

#12 | நீலக்கதிர்

நிறைய தெளிந்தது, எல்லோருக்கும் நன்றி. பத்துப் பேரை ஐந்து ஐந்தாகப் பிரிக்க 126 வழிகள் இருக்கின்றன. 126லும் சராசரி வித்தியாசம் மிகக் குறைவாக உள்ளதை எடுத்துவிட்டால் போதுமா?

#13 | தராசுமுள்

போதாது. மிகக் குறைந்ததையே எப்போதும் எடுத்தால் அதே பத்துப் பேருக்கு ஏறக்குறைய அதே அணிகள் திரும்பத் திரும்ப வரும். முன்பு சொன்ன ஒட்டிக்கொள்ளும் சிக்கல் திரும்பிவிடும். வித்தியாசம் ஓர் எல்லைக்குள் இருக்கும் பிரிவுகளையெல்லாம் ஒரு பக்கம் வைத்து, அவற்றிலிருந்து குலுக்கலில் ஒன்றை எடுங்கள்.

சராசரி மட்டும் பார்த்தாலும் போதாது. ஒரு பெரிய ஆட்டக்காரரும் நான்கு புதியவர்களும் சேர்ந்த அணி, ஐந்து நடுத்தர ஆட்டக்காரர்கள் கொண்ட அணிக்குத் தாளில் சமமாக இருக்கலாம். ஆட்டத்தில் அந்த ஒருவர் விழுந்தவுடன் சுற்று முடிந்துவிடும், மற்ற நால்வரும் வேடிக்கை பார்ப்பார்கள். இரு அணிகளிலும் ஏற்றத்தாழ்வின் பரப்பு ஒத்திருக்கட்டும். ஏடபிள்யூபி ஆடத் தெரிந்தவர் பக்கத்துக்கு ஒருவராவது இருக்கட்டும்.

#14 | புகைத்திரை

எண்ணை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டாதீர்கள். கடைசியாக எடுக்கப்பட்ட அந்த இருவரும் இப்போது பட்டியலின் அடியில் தெரிவார்கள். இடம் மாறியதே தவிர வலி மாறவில்லை என்று ஆகிவிடும். அவரவர் எண் அவரவருக்கு மட்டும் போகட்டும், அதுவும் கேட்டால்.

#15 | ஏழாம்சுற்று

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. மறைத்து வைத்த எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள். தோற்ற ஒவ்வொரு இரவும் "கணக்கு யாருக்கோ சாதகமாக இருக்கிறது" என்று பேச்சு வரும். குறைந்தபட்சம் சூத்திரத்தையும் ஆட்டப் பதிவுகளையும் திறந்து வையுங்கள். வேண்டுமென்பவர் தாமே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

#16 | நீலக்கதிர்

இரண்டையும் செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். சூத்திரமும் பதிவுகளும் எல்லோருக்கும் திறந்திருக்கும், வரிசைப் பட்டியல் மட்டும் எங்கும் போடப்படாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு "இன்று இந்த அணிக்கு 54 சதவீதம்" என்பது போலக் கணிப்பை மட்டும் அறிவிக்கலாம். ஒருதலை ஆட்டம் வந்தால் அதை எடுத்துக்காட்டிப் பேச வசதியாக இருக்கும். முறை வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

#17 | தராசுமுள்

ஸ்கோரைப் பார்க்காதீர்கள், கணிப்பைப் பாருங்கள். 60 சதவீதம் என்று சொன்ன ஆட்டங்களைத் தனியாக ஒதுக்கி, அவற்றில் உண்மையாகவே பத்துக்கு ஆறு வென்றார்களா என்று எண்ணுங்கள். எட்டு வென்றிருந்தால் எண்களுக்கு இடையே இருக்க வேண்டிய தூரம் போதவில்லை. ஐந்துதான் என்றால் தூரம் அதிகம். அவசரம் வேண்டாம். 100 ஆட்டங்களில் 55 வெற்றி என்பது தற்செயலாகவே வரக்கூடியது, ஏனெனில் அந்த அளவில் பத்துச் சதவீதம் இப்படியும் அப்படியும் ஆடும். 55ஐயும் 50ஐயும் ஓரளவு நம்பிக்கையோடு பிரித்தறிய 400 ஆட்டங்களாவது வேண்டும்.

பதிவில் மேப்பின் பெயரையும், எந்த அணி எந்தப் பக்கத்தில் தொடங்கியது என்பதையும் முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள். நியூக் போன்ற மேப்பில் காக்கும் பக்கத்துக்கு இயல்பாகவே கை ஓங்கியிருக்கும். பாதியில் பக்கம் மாறினாலும், முதல் பாதியில் 9-3 என்று முன்னிலை பெற்ற அணி அமைதியாக ஆடும், துரத்துகிற அணி பதறும். பிறகு தேடினால் கிடைக்காத தகவல் இது.

#18 | நீலக்கதிர்

சேர்த்துவிட்டேன். கூடவே யார் யாரோடு ஆடினார் என்று ஒரு பத்தியும். ஒன்றாகவே ஆடும் அந்த ஜோடியிடம் பேசினேன், வார நாட்களில் பிரிந்து ஆட ஒப்புக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை முதல் குலுக்கல்.